வலது பக்கம் திரும்பாத அத்தை

செம்புக் குடத்தைத் தேடி மலையேற மூன்று பேர் தயாராக நின்றார்கள். நான்காவதாக ஒருத்தர் யாரிடமும் சொல்லாமல் ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தார். அவர்தான் நாச்சம்மாள் அத்தை.

உத்தராகண்ட் மலையில் பன்சாரி என்றொரு குட்டிக் கிராமம். குளிர்காலம் முடியும்போது அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். ஊர்க்காரர் ஒருவர் செம்புக் குடம் ஒன்றைப் பனிமலையில் எங்கேயாவது ஒளித்துவிட்டு, ஆளுக்கொரு வரைபடம் கொடுப்பார். காலில் சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு எல்லாரும் தேடிப் போக வேண்டும். கண்டுபிடிக்கிறவர்களுக்குக் குடம் சொந்தம். அது போதாதென்று ஒரு வருஷம் முழுக்க அவர்கள் பேசுகிற பெருமைப் பேச்சை ஊரே காதில் வாங்கியாக வேண்டும்.

கோபிச்செட்டிபாளையத்துப் பெண் வினோதா அந்த ஊரில் பனிச்சறுக்குக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள். பூட்ஸை அவரவர் காலுக்குப் பொருத்திக் கொடுப்பது அவள் வேலை. அவளுடைய அப்பாவின் அக்கா நாச்சம்மாள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், குளிர்காலத்தின் ஆரம்பத்தில் அவளைப் பார்க்க வந்தார். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் கண்ணு" என்றவர் சறுக்கக் கற்றுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். கடைசியில் அவரை ஊருக்குக் கூட்டிப்போக மகன் பூபதி நேரில் வர வேண்டியதாயிற்று.

"அம்மா படுக்கையில இல்ல. மேசை மேல இருந்த வரைபடத்தையும் காணோம்" என்றான் பூபதி.

"குடத்தை நமக்கு முன்னால எடுத்துட்டு வந்து நம்ம மூஞ்சியில கரி பூசப் பாக்குறாங்க" என்று வினோதா சிரித்தாள்.

மலை வழிகாட்டி தீவான் சிரிக்கவில்லை. அந்த ஊர்ப் பையன், வினோதாவின் நண்பன், வானத்தைப் படிக்கத் தெரிந்தவன். மேற்கே திரண்டிருந்த மேகத்தைக் காட்டி, "தீதி, இது நல்லதுக்கில்லை" என்று இந்தியில் சொன்னான். வினோதாவை அவன் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவான்.

அவன் சொன்னபடியே ஆயிற்று. தேடல் பாதிகூட முடியவில்லை, பனி கொட்ட ஆரம்பித்தது. கோயிலில் கொம்பு ஊதினார்கள். கொம்பு ஊதினால் எல்லாரும் உடனே இறங்கிவிட வேண்டும். மற்ற குழுக்கள் வந்தன, இவர்கள் மூவரும் வந்தார்கள். அத்தை மட்டும் வரவில்லை.

சறுக்குகிறவர்களைக் கம்பிவழியே மலைமேட்டுக்கு ஏற்றிவிடும் லிஃப்டை ஓட்டுகிறவர், விடிந்ததும் முதல் ஆளாக அத்தையை மேட்டில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார். மேட்டிலிருந்து சறுக்கி வந்தால் ஒட்டகப் பாறை வரும். அங்கே வழி இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் பைன் காடு, அதைத் தாண்டினால் ஊர். இடது பக்கம் போனால் ஆழமான பள்ளம். வரைபடத்தில் பைன் காட்டைத்தான் காட்டியிருந்தது. "காட்டுலதான் எங்கேயாவது ஒதுங்கியிருப்பாங்க" என்று ஊர் ஆட்கள் கயிறும் விளக்கும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் கிளம்பினார்கள்.

"வா வினோ, நாமளும் போலாம்" என்று பூபதி அவசரப்படுத்தினான்.

வினோதாவோ கடைக்குள் ஓடினாள். அத்தைக்கென்று போன வாரம் அவளே பார்த்துப் பார்த்துப் பொருத்திய சிவப்பு பூட்ஸ், அலமாரிக்குப் பின்னால் ஒரு சாக்கில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. வாடகைக்கு விடும் சாம்பல் நிற பூட்ஸில் ஒரு ஜோடியைக் காணோம். இருப்பதிலேயே பெரிய ஜோடி அது.

அத்தைக்கு எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கிப் பழகிய கை அது. வந்த புதிதில் அந்தச் சாம்பல் பூட்ஸில் இரண்டு கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு, "ஆகா, மெத்தையாட்டம் இருக்குது" என்று சறுக்கியவர். செருப்பு தளர்ந்திருந்தால் நடக்கலாம். சறுக்கும் பூட்ஸ் தளர்ந்திருந்தால் கால் ஒன்று சொல்லும், பலகை வேறொன்று செய்யும்.

வெளியே வந்த வினோதா, "அத்தை பைன் காட்டுக்குப் போகல. இடது பக்கம் போயிருக்காங்க" என்றாள்.

பூபதி அவளை முறைத்தான். "உனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"ஜோசியமில்லடா. வலது பக்கம் திரும்பணும்னா இடது கால்ல பாரத்தைப் போட்டு அமுக்கணும். உங்கம்மா மொபெட்டுல உழுந்து இடது கால் ஒடஞ்சதுல, அந்தக் கெண்டைக்கால் மெலிஞ்சு போச்சு. பெரிய பூட்ஸுக்குள்ள அந்தக் கால் கடகடன்னு ஆடும். அந்த பூட்ஸைப் போட்டுக்கிட்டு அவங்க ஒருநாளும் ஒழுங்கா வலது பக்கம் திரும்புனதே இல்ல. தினமும் பார்த்தவ நான். இடது பக்கம் மட்டும் அழகா வளைவாங்க."

தீவான் யோசித்தான். "தீதி, பள்ளத்துல இறங்கிட்டா இன்னைக்கு வேற எங்கேயும் தேட முடியாது. நீங்க சொல்றது தப்பா இருந்தா, நாமளும் புயல்ல மாட்டிக்குவோம்."

பூபதியின் முகம் வெளிறியிருந்தது. மலையில் தனியாக இருப்பது அவன் அம்மா. எந்தப் பக்கம் என்று அவன்தான் சொல்லியாக வேண்டும்.

"எங்கம்மா காலைப் பத்தி எனக்கே இவ்வளவு தெரியாது" என்றான் மெதுவாக. "நட, இடது பக்கமே போலாம்."

சிவப்பு பூட்ஸையும் சின்ன கருவிப் பையையும் வினோதா முதுகில் கட்டிக்கொண்டாள். மூவரும் மேட்டுக்கு ஏறி, கொட்டுகிற பனிக்குள் பாய்ந்தார்கள்.

ஒட்டகப் பாறையருகே தடம் எதுவும் இல்லை. புதுப்பனி எல்லாவற்றையும் மூடியிருந்தது. தீவான் முன்னால் போனான். பூபதி விழுந்தான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். "பாத்து வாடா, உன்னையும் சேத்துத் தேட வெச்சுராத" என்று வினோதா பின்னாலிருந்து கத்தினாள். பள்ளம் குறுகியது. காற்று முகத்தில் அறைந்தது. நேரம் ஆக ஆக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ? பைன் காட்டில் அத்தை குளிரில் விறைத்துக் கிடக்க, நாம் இங்கே சுற்றிக்கொண்டிருக்கிறோமோ?

அப்போது தீவான் கையை உயர்த்தினான். ஒரு பாறை குடைபோல் நீட்டிக்கொண்டிருக்க, அதன் அடியில் புதுப்பனி விழவில்லை. அங்கே பலகைத் தடம் பளிச்சென்று இருந்தது. ஒரு வளைவு, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே ஒன்று. மூன்றும் இடது பக்கமே வளைந்திருந்தன.

"அம்மா!" என்று பூபதி கத்திய கத்தலில் பாறையின் மேலிருந்த பனி பொதபொதவென்று அவன் தலையில் விழுந்தது.

தடத்தின் திசையிலேயே இறங்கினார்கள். கீழே ஆட்டுக்காரர்கள் கோடையில் தங்கும் கல் குடிசை ஒன்று தெரிந்தது. பாதிக் கூரை சரிந்து கிடந்தது. மீதிப் பாதியிலிருந்து புகை வந்தது.

உள்ளே நாச்சம்மாள் அத்தை பழைய அலுமினியப் பாத்திரத்தில் பனியை உருக்கிக்கொண்டிருந்தார். "வந்துட்டீங்களா? டீத்தூள் யாராச்சும் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார். கேட்டவரின் குரல் நடுங்கியது. பூபதி போய் அம்மாவைக் கட்டிக்கொண்டான்.

அங்கேயே இரவைக் கழிக்கலாமா என்றால் முடியாது. குடிசைக்கு மேலே இருந்த சரிவில் பனி ஏறிக்கொண்டே போனது. எந்நேரமும் சரியலாம் என்றான் தீவான். இடுப்பளவு பனியில் நடக்கவும் வழியில்லை. குடிசையிலிருந்து மலையின் தோளைச் சுற்றி ஒரு குறுகிய திட்டு வழிபோல நீண்டு பைன் காட்டுக்குப் போய்ச் சேரும். சறுக்கினால் இருட்டுமுன் ஊருக்குப் போய்விடலாம். ஆனால் அந்தத் திட்டு முழுக்க வலது பக்கமே வளையும். திரும்பத் தவறினால் இடது பக்கம் கிடுகிடு பள்ளம்.

வினோதா சிவப்பு பூட்ஸை எடுத்து வைத்தாள். அதைப் பார்த்ததும் அத்தை முகம் சுருங்கியது.

"அது வேண்டாம் கண்ணு."

"ஏன் வேண்டாம்? உங்க காலை அளந்துதானே செஞ்சேன்."

அத்தை நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது உசுரு போற மாதிரி வலிக்குது. சொன்னா, இந்த வயசுல உனக்கெதுக்கு இதெல்லாம்னு மூட்டை கட்டி ஊட்டுக்கு அனுப்பிச்சுருவீங்க. அதான் யாரும் பாக்கறதுக்கு முன்னாலயே சாம்பல் பூட்ஸோட கிளம்பிட்டேன். எனக்கு இங்க சறுக்கறது அவ்வளவு புடிச்சிருக்குது, சாமி."

வினோதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கடைக்கு வருகிற எல்லாரிடமும் சாக்ஸைக் கழற்றச் சொல்லி, வெறுங்காலைத் தொட்டுப் பார்த்து அளப்பவள், அத்தை கூச்சப்படுகிறாரே என்று சாக்ஸோடு அளந்து விட்டுவிட்டாள். மரியாதை என்று நினைத்துச் செய்தது.

"சாக்ஸைக் கழட்டுங்க அத்தை."

"அசிங்கமா இருக்கும் கண்ணு."

"நான் பாக்காத காலா? கழட்டுங்க."

அத்தை கழற்றினார். இடது கால் பெருவிரலின் அடியில் எலும்பு எலுமிச்சங்காய் போலப் புடைத்திருந்தது. ஒடிந்து கூடிய கணுக்காலில் இன்னொரு முண்டு. வெறுங்காலோடு மைதானத்தில் ஓடிப் பழகிய விரல்கள் அகலமாக விரிந்திருந்தன. இந்தக் கால் அந்தச் சிவப்பு பூட்ஸுக்குள் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்தபோது வினோதாவுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை.

"பூபதி, அந்தத் தண்ணியை நல்லாக் கொதிக்க வை. தீவான், உருண்டையா ஒரு கல்லு எடு."

அடுப்புக் கரியை எடுத்து, புடைத்த இரண்டு இடத்திலும் பூசினாள். பூட்ஸின் உள் மெத்தையைத் தனியாக உருவி அத்தைக்கு மாட்டிக் கழற்றினாள். கரி பட்ட இடம் உள்ளே அப்படியே பதிந்திருந்தது. அதற்கு நேர் வெளிப்பக்கத்தில், மெத்தையின் தடிமனைக் கத்தியால் கவனமாகச் சீவி எடுத்தாள். பிறகு பூட்ஸின் வெளிப்பக்கத்துப் பிளாஸ்டிக் ஓட்டில் அந்த இடத்தின் மேல் கொதிநீரைத் திரும்பத் திரும்ப ஊற்றினாள். தீவான் உள்ளேயிருந்து கல்லை வைத்து முழு பலத்தோடு அழுத்தினான். பூபதி விரலைச் சுட்டுக்கொண்டு, "அக்கட்டால, அந்தப் பக்கமா புடிங்கப்பா" என்று குதித்தான். ஓடு மெல்ல மெல்ல வெளியே உப்பிக் கொடுத்தது. மெலிந்த கெண்டைக்காலைச் சுற்றி வினோதா தன் மஃப்ளரைத் தட்டையாக மடித்து வைத்து டேப் ஒட்டினாள்.

"ரெண்டு சாக்ஸ் வேண்டாம், மெல்லிசா ஒண்ணு போதும். நேரா நில்லுங்க. விரல் முன்னால முட்டுதா?"

"முட்டுது."

"முட்டியை முன்னால மடிங்க. இப்ப?"

அத்தை மடித்தார். முகம் மாறியது. "விரல் பின்னால வந்துருச்சு. இறுக்கமாத்தான் இருக்குது... ஆனா வலிக்கலயே கண்ணு!"

"பொய் சொல்லாதீங்க."

"கணுக்கால்ல மட்டும் துளியூண்டு உறுத்துது."

வினோதா கழற்றி, இன்னும் துளியூண்டு சீவினாள்.

திட்டில் தீவான் முதலில் போனான். அவன் பின்னால் அத்தை, அடுத்து வினோதா, கடைசியில் பூபதி. இடது பக்கம் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. முதல் வளைவு வந்தது. அத்தையின் பலகை நேராக விளிம்பை நோக்கி ஓடியது. வினோதா பின்னாலிருந்து கத்தினாள்.

"முட்டியை முன்னால தள்ளுங்க அத்தை! இடது கால், இடது கால்! அமுக்குங்க!"

அத்தை அமுக்கினார். கால் சொன்னதை பூட்ஸ் கேட்டது, பூட்ஸ் சொன்னதைப் பலகை கேட்டது. பனி விசிறியடிக்க, நாச்சம்மாள் அத்தை வாழ்க்கையில் முதல் முறையாக ஒழுங்காக வலது பக்கம் திரும்பினார். அடுத்த வளைவிலும் திரும்பினார். மூன்றாவது வளைவில், பள்ளிக்கூட மைதானத்தில் ஊதுவது போல நாக்கை மடித்து ஒரு விசில் அடித்துக்கொண்டே திரும்பினார். பின்னால் பூபதி சிரித்தானா அழுதானா என்று அவனுக்கே தெரியாது.

பைன் காட்டில் விளக்குகளோடு தேடிக்கொண்டிருந்த ஊர் ஆட்கள், எதிரே நாலு பேர் வரிசையாகச் சறுக்கி வருவதைப் பார்த்து ஓடி வந்தார்கள். கோயிலில் மறுபடி கொம்பு ஊதினார்கள். இந்த முறை அது சந்தோஷத்துக்காக. ஊருக்குள் நுழைந்ததும் ஒரு கிழவர், "குடம் கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"குடம் கிடைக்கலீங்க, எங்கம்மா கிடைச்சாங்க" என்றான் பூபதி. குடம் அதற்கு மறுநாள், புயல் ஓய்ந்த பிறகு, ஊரின் பால்காரர் குடும்பத்துக்குக் கிடைத்தது. அவர்கள் பேச்சை அந்த வருஷம் யாராலும் தாங்க முடியவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் வினோதா அழுதாள். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்ல மாட்டீங்களா அத்தை? இப்படியா எங்களைப் பதற வெக்கறது?"

"நீயும் கழட்டுங்கன்னு அன்னைக்கே அதட்டியிருக்கலாமில்ல? செரி, அழுவாத. இனிமே வலிச்சா சொல்லிப்புடறேன். ஒண்ணையும் மறைக்க மாட்டேன்."

பூபதி அவசரமாகக் குறுக்கிட்டான். "அம்மா, ஊருக்கு டிக்கெட் எடுத்து வெச்சிருக்கேன்."

"அதை நீ வெச்சுக்க. நான் பனி உருகற வரைக்கும் இங்கதான்."

சொல்லிவிட்டு அத்தை வினோதா பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "இப்பக்கூட இடது சுண்டு விரல்ல லேசா ஒரு குத்தல் இருக்குது. வலது குதிகால்ல ரொம்ப நாளா ஒரு எரிச்சல். அப்புறம் இந்த முட்டி இருக்குது பாரு, பூபதி பொறந்த வருஷத்துல இருந்து..."

ரொட்டி ஆறிப்போயிற்று. தீவான் எழுந்து போய்ப் படுத்துவிட்டான். வினோதா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.