அணைத்த லைனில் மின்சாரம்

அணைத்துப்போட்ட லைனின் வோல்ட் முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை. தூங்குகிறவனின் கண்ணிமைபோல மெல்லத் துடித்தது.

துணைமின்நிலையத்தில் மிமோஸா மீட்டரின் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். அணைகள் வற்றிக் கிடந்த அந்தக் குளிர்காலத்தில், தலைநகரிலிருந்து போன் வந்தால் எந்தத் தெருவை இருட்டாக்குவது என்று முடிவுசெய்கிற கை அவளுடையது. அதனாலேயே எல்பசான் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தச் சிற்றூரில் பாதிப் பேர் அவளுக்குப் பாலாடைக்கட்டி கொண்டுவந்தார்கள், மீதிப் பேர் சபித்தார்கள். பாலாடைக்கட்டி கொண்டுவந்தவர்களும் வீட்டுக்குப் போய்ச் சபித்தார்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது ஆலைத் தெருவின் இருட்டு முறை. அதற்குள் கம்பியைத் தாங்கும் உடைந்த பீங்கான் இன்சுலேட்டரை மாற்றிவிட, அவள் தம்பி புயார் கம்பம் ஏறியிருந்தான். லைனை அணைத்துப் பூட்டிய சுவிட்சின் சாவி அவன் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. தப்பி வரும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட எர்த் போடுகிற செம்புக் கம்பியைத்தான் எவனோ திருடி விற்றிருந்தான்.

அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள். "புயார், கீழ இறங்கு. முள் ஆடுது."

"உன் கண்ணு ஆடுதுக்கா. ராக்கிச் சாராயம் குடிச்சது நானா, நீயா?"

"எவனோ ஜெனரேட்டரைச் செவுத்து பிளக்குல சொருகிட்டான்டா."

"தெருவுக்கே அதைச் சொல்லிக் குடுத்தவ நீதானே."

உண்மைதான். மெயினை அணைத்துவிட்டுச் சொருகு என்றுதான் சொல்லியிருந்தாள். முதல் பாதியை யார் ஞாபகம் வைத்தார்கள்? அணைக்காத வீட்டின் மின்சாரம் பின்வழியாகத் தெரு டிரான்ஸ்பார்மருக்குள் ஏறி, ஆயிரக்கணக்கான வோல்டாகப் பெருத்து, செத்த லைனில் நடமாடும்.

"இறங்குடா."

"ஒரே ஒரு நட்டுக்கா..."

முள் நிமிர்ந்தது. வாக்கிடாக்கிக்குள் கொதிக்கும் எண்ணெயில் ஈரம் விழுந்த சத்தம். அலறல். பாதியில் அதுவும் கருகியது.

கடப்பாரையோடு ஆலைத் தெருவுக்கு ஓடினாள். கம்பளி கருகிய வாடை, முடி கருகிய வாடை, அதற்கும் கீழே ஞாயிற்றுக்கிழமை மதியங்களின் வாடை. ரொட்டிக்கடை நஸ்மியின் முற்றத்தில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"ஏய், என்ன பண்ற? அது புதுசு," என்று தடுக்க வந்த நஸ்மியின் முழங்கையில் முதல் அடி விழுந்தது. எலும்பு முறிந்தது. அடுத்தது இயந்திரத்தில். மறுபடி. மறுபடி. பெட்ரோல் கொட்டியது. உறுமல் நின்றது.

நிசப்தம்.

தெரு முழுக்க விளக்குகள் எரிந்தன.

வீடு வீடாக. மாடி மாடியாக. எந்த இயந்திரமும் ஓடவில்லை. சுவிட்ச் பூட்டியே இருந்தது.

ஜன்னல்கள் திறந்தன. கைதட்டல். "வந்துருச்சு, வந்துருச்சு!" எவளோ சிரித்தாள். "மிமோஸாவுக்கும் ஒருநாள் நல்ல புத்தி வந்திருக்கு பாரு."

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

புயார் இரண்டு கம்பிகளைப் பிடித்துத் தொங்கினான். கண்கள் இருந்த இடத்தில் குழிகள். திறந்த வாய்க்குள் வெள்ளை வெளிச்சம். மார்பு மெதுவாக ஏறியது, தெருவிளக்குகள் பிரகாசித்தன. இறங்கியது, மங்கின.

கீழே ஒவ்வொரு வீட்டிலும் டிவி பாட ஆரம்பித்தது. யாரோ அடுப்பையும் போட்டார்கள்.

அவன் இன்னும் வேகமாக மூச்சு வாங்கினான்.