அரிக்காத கை

1982 அக்டோபர். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு, மலைத்தோட்டத் தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் அடுப்பின் காற்றாடி மோட்டார் புகைந்து நின்றது. பூஜைக்காக அதைக் கழுவிச் சந்தனம் வைத்தவர் தொழிலாளி மாடசாமி. தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிட்டார் என்று தோட்டத்துத் துரை முடிவு கட்டினார். வேலை போயிற்று. சனிக்கிழமை மாலைக்குள் தொழிலாளர் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலைதான் ஈப்போவிலிருந்து இன்சூரன்ஸ் விசாரணைக்கு நல்லுசாமி வந்தார். கருகிய மோட்டார்களையும் கைகாட்டப்படும் ஏழைகளையும் பார்த்துப் பார்த்து மனிதருக்கு அலுத்துவிட்டது.

மோட்டாரைப் பிரித்தார். தண்ணீர் இறங்கியிருந்தால் ஏதோ ஓரிடத்தில்தான் வெடித்திருக்கும். இதில் கம்பிச் சுருளின் மேல் சுற்றிய நாடா முழுக்கக் கருகி, தொட்டால் கரிப்பொடியாக உதிர்ந்தது.

இரண்டு மாதம் முன்பு அதற்குச் சுருள் கட்டியவன் வயர்மேன் ரெங்கசாமி. மாடசாமிக்குப் பக்கத்து வீடு. மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். பகலில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாக்கொட்டகையில் இருக்கும் கைக்குழந்தை, மாலையில் நல்லுசாமி அவன் வீட்டு வாசலுக்குப் போனபோது அவன் நெஞ்சில் தூங்கியது. பக்கத்து வாசலில் மாடசாமியின் மனைவி மணியம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எத வச்சு சுத்துன?" என்று நல்லுசாமி கேட்டார்.

"கண்ணாடி நூல் நாடாதாங்க. அடுப்புச் சூட்டுக்குப் பருத்தி தாங்காதுன்னு துரை வாங்கிக் குடுத்தாரு."

"சுத்துன அந்த வாரம் ராத்திரில புள்ளய யாரு பாத்தா?"

"நான்தான். சாயந்தரமானா இப்படித்தான் படுக்கும்."

நல்லுசாமி படியில் உட்கார்ந்தார். கால் வலித்தது.

"கண்ணாடி நாடா கரியாவாதுலா, ரெங்கசாமி. மோட்டார் எரிஞ்சாலும் அது அப்படியே நிக்கும். உள்ள இருந்தது பருத்தி. ரெண்டு மாசமா சூட்டுல வெந்து அன்னிக்கு விட்டுப்போச்சு. இன்னொண்ணு, கண்ணாடி நாடா சுத்துனா கை, சட்டையெல்லாம் தூசி ஏறி ராப்பூரா அரிக்கும். அந்த நெஞ்சுல இந்தப் புள்ள தூங்கியிருக்காது."

ரெங்கசாமி உள்ளே போய், மிச்சமிருந்த கண்ணாடி நாடாச் சுருளைக் கொண்டுவந்து வைத்தான்.

"மொத நாளு இதச் சுத்திட்டு வந்து புள்ளயத் தூக்குனேன். அதுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சு, விடிய விடிய அழுதுச்சுங்க. அதான் சுத்துனதப் பிரிச்சுட்டு, பழைய பருத்திய எடுத்தேன். வேல போயிரும்னு வாயத் தொறக்கல."

நல்லுசாமிக்கு ஜெயித்துவிட்டதாகத் தோன்றவில்லை. துரையிடம் போகலாம் என்று எழுந்தார். ரெங்கசாமி குழந்தையோடு தயங்கி நின்றான்.

மணியம்மா மூட்டையை விட்டுவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"இத அன்னிக்கே எங்கிட்ட குடுத்திருக்கலாமேடா."