ஸ்ட்ரேஞ்ச் சித்தப்பா

பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு இவ்வளவு நீளப் பெயர் உண்டு. ஆனால் ஆள் பொடிசு. அதனால் எல்லோருக்கும் அவள் கடுகுதான்.

அன்று ஆங்கில வகுப்பில் டீச்சர் "பிக், பிக்கர். ஸ்மால், ஸ்மாலர்" என்று நடத்தினார். 'ஸ்ட்ரேஞ்ச்' என்றால் விசித்திரம் என்று முந்தின நாளே படித்தாயிற்று. கடுகுவுக்கா சொல்லித்தர வேண்டும்? அப்படியானால் ஸ்ட்ரேஞ்சர் என்றால் அதைவிட விசித்திரம்!

மாலையில் பார்த்தால், பள்ளி கேட்டில் ஒரு புதுப் பலகை. 'ஸ்ட்ரேஞ்சர்களுக்கு அனுமதி இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கடுகுவுக்குப் பகீரென்றது.

சித்தப்பாவை நினைத்துத்தான். அவர் டைலர். வெயிலடித்தாலும் தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி. கழுத்தில் டேப், காதில் பென்சில். ஒரு காலில் நீலச் செருப்பு, மறு காலில் பச்சை. கேட்டால், "ரெண்டு ஜோடியிலயும் ஒண்ணொண்ணு அறுந்துபோச்சு. மிச்சம் நல்லாத்தானே இருக்கு?" என்பார். போதாக்குறைக்கு ஓயாத விசில் வேறு. ஊரில் அவரைவிட ஸ்ட்ரேஞ்சர் யார் இருக்கிறார்கள்?

மறுநாள் பள்ளியில் நாடகம். கடுகுதான் ஒட்டகச்சிவிங்கி. உடையைச் சித்தப்பா பத்து நாளாகத் தைக்கிறார். அவர் பார்க்காவிட்டால் நடித்து என்ன பிரயோஜனம்?

"சித்தப்பா, நாளைக்கு மட்டும் தொப்பி வேண்டாமே. டேப், பென்சில் எதுவும் வேண்டாம். விசில் அடிக்கவே கூடாது."

"ஏன் கடுகு? உன் ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கறாங்களா?"

'நீங்கள் விசித்திரமான ஆள்' என்று முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? கடுகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிடா" என்றார் சித்தப்பா. அதற்கப்புறம் அன்று அவர் விசிலே அடிக்கவில்லை. தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. கடுகுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் எல்லா உடையும் தயார், வால் மட்டும் பாக்கி. "நீ முன்னாடி போ, முடிச்சு எடுத்துட்டு வர்றேன்" என்றார் சித்தப்பா.

நாடகம் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. வாலையும் காணோம், சித்தப்பாவையும் காணோம். கடுகு புள்ளிப் புள்ளி உடையோடு கேட்டுக்கு ஓடினாள்.

அங்கே கோட்டும் ஷூவும் போட்டு, தலையைப் படிய வாரிய ஒருவர் கையில் வாலோடு நின்றிருந்தார். வாட்ச்மேன் அவரை உள்ளே விடவில்லை.

"அண்ணே, இவர் எங்க சித்தப்பா!"

"உங்க சித்தப்பாவை எனக்குத் தெரியாதா? தினம் உன்னைக் கொண்டுவந்து விடறவராச்சே! இவர் யாரோ ஸ்ட்ரேஞ்சர்மா. போர்டைப் பாரு."

"ஸ்ட்ரேஞ்சரா? இவர் இன்னைக்குத்தானே சாதாரணமா வந்திருக்கார்!"

"அடடே, ஸ்ட்ரேஞ்சர்னா முன்னப்பின்ன தெரியாத ஆளு!"

கடுகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் சித்தப்பாவின் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். எதிர்பார்த்தபடியே தொப்பி, டேப், பென்சில் மூன்றும் அங்கே இருந்தன.

"குனிங்க சித்தப்பா." தொப்பியை மாட்டினாள். டேப்பைக் கழுத்தில் போட்டாள். பென்சிலைக் காதில் செருகினாள். "ம்ம், விசில்!"

விசில் பறந்தது.

"அட, நம்ம டைலரு! என்ன சார் இது வேஷம்?" வாட்ச்மேன் கேட்டை அகலமாகத் திறந்தார்.

"யாரும் சிரிக்கலை சித்தப்பா. உங்களை உள்ள விட மாட்டாங்களோன்னு நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். ஸாரி."

"ப்பூ, இவ்வளவுதானா? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்!" சித்தப்பாவின் முகமெல்லாம் பல். "திரும்பு, வாலைத் தைக்கணும்."

ஒட்டகச்சிவிங்கி வாலை ஆட்டிக்கொண்டு மேடையேறியதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு விசில் கிளம்பியது. சபையே திரும்பிப் பார்த்தது.

"யாரு அந்த ஸ்ட்ரேஞ்சர்?" என்று மேடையில் இருந்த சிங்கம் கிசுகிசுத்தது.

"ஸ்ட்ரேஞ்ச்தான்" என்றது ஒட்டகச்சிவிங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆனா ஸ்ட்ரேஞ்சர் இல்ல. எங்க சித்தப்பா!"