பங்கர் குன்றின் சிவப்பு

மாடியில் இருந்தவர்கள் இரண்டு பேர்: சிவப்பு பூசும் ஹல்டா, நீலம் பூசும் அவள் தங்கை டார்கஸ். கீழே அச்சு எந்திரத்தில் முதலாளி ஏமஸ் பிராட். பாஸ்டனில் விடியலிலிருந்தே பனி கொட்டியதால் வேறு யாரும் வேலைக்கு வரவில்லை.

அவர்கள் வண்ணம் பூசுவது, தாத்தா காலத்தில் ஆங்கிலேயரோடு நடந்த பங்கர் குன்றுச் சண்டையின் அச்சுப்படம். ஆங்கிலச் சிப்பாய்களின் கோட்டுகளுக்குச் சிவப்பு பூசிய பிறகு, தூரிகையில் மிஞ்சியதைக் கழுவி வீணாக்காமல் முன்னால் கிடக்கும் மூன்று பிணங்களின் நெஞ்சில் ஒற்றுவாள் ஹல்டா. ஒருத்தி விட்ட இடத்தை அடுத்தவள் நிரப்ப வேண்டும். பட்டறை வழக்கம் அது.

இந்தத் தாளில் பிணங்கள் நான்கு.

கண்ணில் பட்டபோது கை ஒற்றி முடித்திருந்தது. நான்காவது ஆள் சிப்பாய் இல்லை. மை படிந்த தோல் ஏப்ரன் கட்டியிருந்தான்.

"டார்கஸ், இங்க பாரேன். நம்ம முதலாளி மாதிரியே இல்ல?"

"அந்தத் தொப்பை அவரோடதேதான். கிழவருக்கு வீரனாகணும்னு ஆசை போல!"

கீழே எந்திரத்தின் முனகல், எண்ணெய் மையின் நெடி, சன்னலில் பனி உரசும் ஓசை எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு ஓர் அலறல் எழுந்தது. பிறகு கனமாக ஏதோ விழுந்தது.

ஹல்டா அடுத்த தாளைப் பார்த்தாள். ஐந்தாவது பிணம். பெண். கன்னத்தில் டார்கஸின் அம்மைத் தழும்பு. நெஞ்சு இன்னும் வெள்ளையாக இருந்தது. தூரிகையை வீசினாள்.

"இங்கேயே இருடி. நகராதே."

கீழே ஏமஸ் எந்திரத்தின் மீது மல்லாந்து கிடந்தார். நெஞ்சில் சிப்பாய்த் துப்பாக்கி ஈட்டியின் மூன்று விளிம்புக் குத்து, முதுகு வரை. விலா எலும்பு பிளந்து வெளியே நின்றது. வெடிமருந்து நாற்றம். தெருக்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது.

தடுமாறி மாடியேறினாள்.

"சும்மா உக்கார பயமா இருந்துச்சுக்கா. ஒண்ண விட்டுட்டே, நானே பூசிட்டேன். கீழ என்ன சத்தம்?"

வண்ணம் பூசுகிறவள் முகத்தைப் பார்ப்பதில்லை. வெள்ளையாக விட்ட இடத்தைத்தான் பார்ப்பாள்.

ஐந்தாவது பிணத்தின் நெஞ்சில் சிவப்பு ஈரமாகப் பளபளத்தது.

படியில் பூட்ஸ் சத்தம். ஒன்றல்ல.

தங்கையின் முடியைப் பிடித்து இழுத்தாள். பூட்டுள்ள ஒரே அறை, படங்களைக் காயப்போடும் அறை.

"அக்கா, விடு, வலிக்குது!"

உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தும்போது இடுக்கில் தெரிந்தது. கயிறு கயிறாகப் படங்கள். எல்லாவற்றிலும் குன்று காலி. ஒரு சிவப்புக் கோட்டுகூட இல்லை. தொங்கிய தாள்களுக்குக் கீழே, தரையில், பூட்ஸ் கால்கள். வரிசையாக.

அதற்குள் அவள் கை சாவியைத் திருப்பிவிட்டது.