ஒகோத்துக்கு வாழைப்பழம் வேண்டாம்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே சிந்துவுக்குக் களைப்பாக இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது நியாயமே இல்லை.

அவளுடைய அப்பா வசீகரனுக்குக் காது கேட்காது. வீட்டில் எல்லாரும் நியூசிலாந்துச் சைகை மொழியில் பேசிக்கொள்வார்கள். வெளியே போனால், அப்பாவின் கைகள் சொல்வதைச் சிந்து வாயால் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயால் சொல்வதைக் கையால் சொல்ல வேண்டும். சனிக்கிழமை டாக்டரிடம். பிறகு கார் பழுது பார்க்கும் இடத்தில். ஞாயிற்றுக்கிழமை வாடகை வீட்டு ஏஜென்டிடம்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் அனுப்புவார்கள்தான். ஆனால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சிந்துவைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவாள்.

அன்று பள்ளிக்கூடத்திலும் கூப்பிட்டார்கள்.

"சிந்து, இங்க வாம்மா," என்றார் திலகா மிஸ். அவர்தான் துணைத் தலைமையாசிரியர். மலேசியாவிலிருந்து வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டிருக்கிறது. "கென்யாவிலேர்ந்து ஒரு புதுப் பையன் வந்திருக்கான். ஒகோத். பதினோரு வயசு. காது கேக்காது. உனக்குத்தான் சைகை தெரியுமே, கொஞ்சம் பேசிக் கொடு லா."

அறைக்குள் ஒல்லியான ஒரு பையன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். ஸ்வெட்டர் மணிக்கட்டு வரை எட்டவில்லை. சிந்து கையை உயர்த்தி, 'வணக்கம், என் பெயர் சிந்து' என்று சைகை செய்தாள்.

ஒகோத் அவள் கைகளை உற்றுப் பார்த்தான். பிறகு அவன் கைகள் கிளம்பின. அப்பப்பா, என்ன வேகம்! முகமும் சேர்ந்து பேசியது. புருவம் ஏறியது, உதடு குவிந்தது, இரண்டு கைகளும் காற்றை வெட்டி வெட்டி எதையோ பங்கு போட்டன.

சிந்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே ஒரு சைகைகூட.

"என்னா சொல்றான்?" என்றார் திலகா மிஸ், பேனாவுடன்.

எனக்கு விளங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சைகை என்றால் சிந்து, சிந்து என்றால் சைகை என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெயர். அவளுக்கு வெட்கமாக இருந்தது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்றும் இருந்தது.

"பசிக்குதாம், மிஸ்," என்றாள்.

திலகா மிஸ் தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தார். ஒகோத் வாழைப்பழத்தைப் பார்த்தான். சிந்துவைப் பார்த்தான். மறுபடி வாழைப்பழத்தைப் பார்த்தான். அது ஏதோ உடைந்த சாமான் என்பதுபோல மெல்ல மேசைமேல் வைத்துவிட்டான்.

"பாவம், ஒண்ணும் தெரியல," என்று திலகா மிஸ் பெருமூச்சு விட்டார். "வெள்ளிக்கிழமை சைகை தெரிஞ்ச ஒரு டீச்சர் வந்து பார்த்தாங்க. அவங்களுக்கும் பதில் இல்ல. எழுதச் சொன்னா நாலு சொல்லு எழுதறான், அதுவும் முன்ன பின்ன மாத்தி. புதன்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணணும். மொழியே இல்லன்னா, ஒண்ணாம் வகுப்புக் குட்டிங்களோடதான் உக்கார வைக்கணும்."

அவர் படிவத்தில் எழுதியதைச் சிந்து தலைகீழாகவே படித்துவிட்டாள். 'மொழி அறிவு: மிகக் குறைவு. பசி மட்டும் சொல்கிறான்.'

அந்தக் கடைசி வரி சிந்து சொன்ன பொய்.

இடைவேளையில் மழை சற்று விட்டிருந்தது. விளையாட்டுத் திடலின் ஓரத்தில், ஒகோத் தன் தங்கைக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். தங்கை பெயர் அகினி. ஆறு வயது. காது நன்றாகக் கேட்கும். அண்ணனின் கைகள் ஆட ஆட, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈரப் புல்லில் உருண்டு சிரித்தாள்.

சிந்து நின்றுவிட்டாள். மொழி இல்லாதவனால் ஒருத்தியை இப்படிப் புல்லில் உருட்ட முடியுமா?

அப்பா யாழ்ப்பாணத்து நண்பருடன் வீடியோவில் பேசும்போது அவர் கைகள் வேறு மாதிரி ஆகிவிடும். சிந்துவுக்குப் பாதிகூடப் புரியாது. அது அவர் பிறந்த ஊர்ச் சைகை. இங்கே வந்த பிறகு அப்பா இந்த ஊர்ச் சைகையைப் புதிதாகப் படித்தார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சைகை மொழி. வீட்டிலேயே தினமும் பார்ப்பதை எப்படி மறந்தாள்?

"அகினி, காலமை ஆபீஸில உங்கட அண்ணா என்ன சொன்னவர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அகினி அண்ணனிடம் கைகளால் கேட்டுச் சொன்னாள். "அங்க ஸ்கூல்ல பின்னக் கணக்கு முழுக்க முடிச்சுட்டானாம். இங்க எங்கேர்ந்து ஆரம்பிப்பீங்கன்னு கேட்டானாம். நீ ஏன் வாழைப்பழம் குடுக்கச் சொன்ன?"

சிந்துவின் காது சூடாகியது.

வழி கண்முன்னேயே இருந்தது. புதன்கிழமை கூட்டத்துக்கு அகினியைக் கூட்டிப் போனால் போதும்.

"நீ வந்து மொழிபெயர்க்கிறியா?"

அகினியின் முகத்துக்குச் சட்டென்று வயதாகிவிட்டது. "மறுபடியுமா? பஸ்ல நான்தான் சொல்றேன். பல் டாக்டர்கிட்ட நான்தான் சொன்னேன். அம்மாவுக்குக்கூட நான்தான் சொல்லணும். அவன் ஹாஸ்டல் ஸ்கூல்ல படிச்சானா, அதனால அம்மாவுக்குக் கொஞ்சம்தான் சைகை வரும். எனக்கு லீவுல அவனே சொல்லிக் குடுத்தான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "தப்பா சொல்லிட்டா எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க."

அந்த வயதான முகத்தைச் சிந்துவுக்குத் தெரியும். குளியலறைக் கண்ணாடியில் நேற்றுத்தான் பார்த்திருந்தாள்.

"சரி, நீ வேண்டாம்," என்றாள். "போய் விளையாடு."

அவள் நேரே திலகா மிஸ்ஸிடம் போனாள்.

"மிஸ், நான் பொய் சொன்னனான். அவருக்குப் பசிக்கேல்ல. அவர் கதைச்சது எனக்கு விளங்கவே இல்லை. அது கென்யாச் சைகை மொழி. வேற மொழி, மிஸ். வெள்ளிக்கிழமை வந்த டீச்சருக்கும் அதுதான் விளங்கியிருக்காது."

திலகா மிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வேறயா? சைகை எல்லாம் ஒண்ணுதானே லா?"

"மிஸ், உங்களுக்கு சைனீஸ் விளங்குமோ?"

"எனக்கு எப்படி..." மிஸ் பாதியில் நிறுத்தினார். படிவத்தின் கடைசி வரியை அடித்தார். "சரி. அப்ப தங்கச்சியைக் கூப்பிட்டுக்கலாம்."

"வேண்டாம், மிஸ். அவளுக்கு ஆறு வயசு."

"நீகூட ஆறு வயசுலேர்ந்து..."

"ஓம் மிஸ். அதாலதான் சொல்றன்."

மிஸ் பேனாவை மூடி வைத்தார்.

மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஒகோத்தின் அம்மா வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். ஒகோத் பேசுவது கென்யாச் சைகைதானே என்று சிந்து கேட்டதும் அவர் கசப்பாகச் சிரித்தார். "பையனுக்குச் சைகை தெரியும்னு எல்லாருக்கும் சொன்னேன். எந்த நாட்டுச் சைகைன்னு ஒருத்தரும் கேக்கல."

"உங்கட ஊரில சைகையும் இங்கிலிஷும் தெரிஞ்ச பெரிய ஆள் ஆராவது இருக்கினமா, அன்ரி?"

"அவனோட வாத்தியார் வன்யாமா இருக்கார். என்னோட போன்லயே நம்பர் இருக்கு."

சிந்து விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். இங்கே மாலை நாலு மணி என்றால் அங்கே காலை ஏழு.

"நாலு மணிக்கா கூட்டம்?" சிந்து போய்ச் சொன்னதும் திலகா மிஸ் முனகினார். "மூணே முக்காலுக்கே நான் கார்ல இருப்பேன் லா." ஆனால் நாட்குறிப்பில் நேரத்தை அடித்துத் திருத்தினார்.

புதன்கிழமை நாலு மணிக்குக் கணினித் திரையில் வன்யாமா வாத்தியார் தோன்றினார். கையில் தேநீர்க் கோப்பை. ஒகோத்தைக் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளாலும் பேச ஆரம்பித்தார். ஒகோத் நாற்காலி நுனியிலிருந்து எழுந்தே விட்டான்.

மிஸ் கேட்டதை வாத்தியார் சைகையில் சொன்னார். ஒகோத் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னார். விருப்பமான பாடம்? கணக்கு. பிடிக்காதது? இந்த ஊர்க் குளிர். முந்நூற்று அறுபதில் முக்கால் பங்கு எவ்வளவு? வாத்தியார் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

"எங்க நாட்டுல சைகை மொழி ஒரு பாடம், மேடம்," என்றார் வாத்தியார். "பரீட்சை உண்டு, மார்க் உண்டு. இவன் வகுப்பிலேயே முதல். மொழி இல்லாத பையன்னு யார் சொன்னது?"

திலகா மிஸ் திரையைப் பார்க்கவில்லை. படிவத்தை நான்காக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்தார். "தப்பு எங்களோடதுதான், சார். இந்த ஊர்ச் சைகையை அவன் மெதுவா கத்துக்கட்டும். வாரத்துல ரெண்டு நாள் நீங்க இப்படி வர முடியுமா? சும்மா இல்ல, சம்பளத்துக்கு."

அறையின் மூலையில் சிந்து உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. பாதிக் கூட்டத்தில் அவள் தூங்கிப்போனாள்.

மறுநாள் ஒகோத் ஆறாம் வகுப்பில் சிந்துவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். பன்னிரண்டு பின்னக் கணக்குகள் கொண்ட தாள் வந்தது. சிந்து ஐந்தாவதில் மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் எல்லாவற்றையும் முடித்துப் பென்சிலைக் கீழே வைத்தான்.

சிந்துவின் கண் மெல்ல அவன் தாள் பக்கம் நகர்ந்தது.

ஒகோத் முழங்கையை நகர்த்தித் தாளை மூடினான். புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்தான்.

அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.