மறுபடி என்ற சொல்

சரிபார்ப்பவன் எப்போதும் மூன்று வரிதான் எழுதுவான். எதைப் பார்த்தான், என்ன குறை கண்டான், திருத்த வேண்டுமா வேண்டாமா. அதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் அதிகப்பிரசங்கித்தனம் என்று சிக்னி ஹாகன்தான் அவனுக்குக் கட்டளை எழுதி வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் நான்காவதாக ஒரு வரி இருந்தது.

"என்னை மறுபடி அங்கே அனுப்ப வேண்டாம்."

சிக்னி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே நவம்பர் மாதத்து டுலூத் நகரம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே இருட்டிவிட்டிருந்தது. சரிவின் அடியில் ஏரி கிடக்கும் இடம் வெறும் கறுப்பாகத் தெரிந்தது. அங்கிருந்து மேலேறி வந்த காற்று பனியை வாரிக் கண்ணாடியில் எறிந்துகொண்டிருந்தது. 'வேண்டாம்' என்ற சொல் அவளை உறுத்தவில்லை. 'மறுபடி'தான் உறுத்தியது.

ஏனென்றால் அவனுக்கு மறுபடி என்று ஒன்று கிடையாது. அவன் ஆளே இல்லை. கணினி நிரல் எழுதித் தரும் இயந்திரத்துக்கு சிக்னி செய்து கொடுக்கும் கையாட்களில் ஒருவன். எல்லா வேலையையும் ஒரே தலையில் ஏற்றினால் அந்தத் தலை குழம்பிப் போகும் என்பதால், தலைவன் என்று ஒருவனை வைத்து, அவனுக்குக் கீழே சோதனை எழுத ஒரு கையாள், பிழை தேட ஒரு கையாள், சரிபார்க்க ஒரு கையாள் என்று பிரித்துவிடுவார்கள். எப்போது அழைப்பது, எதைத் தொடலாம், என்ன சொல்லித் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொருவனைப் பற்றியும் சிக்னி ஒரு குறிப்பு எழுதுவாள். தலைவன் அதைப் படித்துவிட்டு ஆளை அனுப்புவான். போகிறவன் பழைய நினைவு எதுவும் இல்லாத வெறும் தலையோடு கண் விழிப்பான், வேலையை முடிப்பான், முடிவை மட்டும் சொல்லுவான், அழிந்துபோவான். அவன் எதையெல்லாம் கடந்து வந்தான் என்பது தலைவனுக்கு வேண்டாம். தலைவனின் தலை சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் தொழில்.

நேற்று என்பதே இல்லாதவன் எப்படி மறுபடி என்பான்?

டொராண்டோவில் இருக்கும் டெஸ்மண்டைப் போனில் கூப்பிட்டு அந்த வரியைப் படித்துக் காட்டினாள். அவளோடு இதே வேலை பார்ப்பவன், எதையும் கிண்டலாகவே பார்ப்பவன்.

"பாவம், லீவு கேக்குறான். குடுத்துத் தொலையேன்."

"விளையாடாத, டெஸ்மண்ட்."

"மனுஷங்க எழுதினதப் படிச்சுதானே வளர்ந்தான், அவங்க மாதிரியே புலம்புறான். எங்க அனுப்பினே அவனை?"

சிக்னிக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாடம் நடத்த அவள் ஒரு விளையாட்டு வீட்டை நிரலாகக் கட்டியிருந்தாள். வேறு கற்பனை வராததால் சொந்த வீட்டையே அறை அறையாக எழுதிவிட்டாள். அதைப் பார்த்து வரத்தான் சரிபார்ப்பவனை அனுப்பியிருந்தாள். அதற்குள் நடமாடும் கையாட்களுக்கு வீட்டிலிருப்பவர்களின் பெயர்களையே வைத்தாள். முதல் ஆள் அவள் கணவன் டெரெக். 'கீழ்த்தளத்தில் சத்தம் கேட்டால் அழைக்கவும். போய்ப் பார்த்து முடிவை மட்டும் சொல்லவும். அவர் திரும்பாவிட்டால் அடுத்தவரை அனுப்பவும்.' அடுத்தவர் அவர்களுடைய ஏழு வயது மகள் பிரிட்டா. அதற்கு அடுத்தவர் சிக்னி.

"எப்போ நிறுத்தணும்னு எழுதினியா?" என்றான் டெஸ்மண்ட்.

அவள் யோசித்தாள். எழுதவில்லை.

"புதுசா வர்றவங்க பண்ற தப்பு இது. பாடம் நடத்துற டீச்சரே பண்ணியாச்சா? தலைவன் முடிவே இல்லாம ஆளை அனுப்பிட்டே இருப்பான்," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அப்போதுதான் கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக். விரலை மடக்கிக் கடைசிப் படியில் யாரோ ஒரே ஒரு முறை தட்டியது போல.

சமையலறையில் டெரெக் அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கும் கறியும் அடுக்கிய தட்டத்தை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். பாலேடும் வறுபட்ட வெங்காயமும் வீடு முழுக்க மணத்தன. தட்டத்தை வைத்தான், கைத்துணியை மடித்துப் போட்டான். "பார்த்துட்டு வர்றேன்" என்று தரைக்கு அடியில் இருக்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கினான். அங்கே வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் பழையது, குளிர் தொடங்கினால் முனகும், அவன் போய்ப் பார்ப்பதும் வழக்கம்தான். கொஞ்ச நேரத்தில் வந்து, "பார்த்துட்டேன். ஒண்ணும் இல்லை," என்றான். சிக்னி மடிக்கணினியை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

பிரிட்டா பள்ளியில் யாருக்கோ பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மறுபடி டொக் என்றது. டெரெக் வாயில் இருந்ததை முழுவதும் விழுங்காமலே எழுந்தான். "பார்த்துட்டு வர்றேன்." போனான், வந்தான். "பார்த்துட்டேன். ஒண்ணும் இல்லை." குரலில் அதே ஏற்றம், அதே இறக்கம். நாற்காலி வரை தரையில் ஈரக் கால்தடம். காலுறையின் அடி நனைந்திருந்தது.

"கீழே தண்ணி வந்துடுச்சா?" என்றாள் சிக்னி.

"எங்கே?"

"கீழேதான். இப்போ போய்ட்டு வந்தியே."

"நான் எங்க போனேன்? இங்கதானே உக்கார்ந்திருக்கேன்."

டெரெக் குறும்புக்காரன். சாப்பாட்டு மேசையில் பேய் போல விழித்து மகளைச் சிரிக்க வைப்பான். பிரிட்டா அதைத்தான் எதிர்பார்த்து இப்போதும் சிரித்தாள். சிக்னியும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் காலுறையிலிருந்து எழுந்த வாடை குழாய்த் தண்ணீரின் வாடை இல்லை. குளிர்ந்த, இரும்புத் துரு கலந்த, ஆழத்து வாடை. அது ஏரியின் வாடை. ஏரி எங்கோ மலையடியில் இருந்தது.

டொக்.

இந்தத் தடவை சிக்னி அவன் கையைப் பிடித்தாள். அவன் அவளைத் தள்ளவில்லை, கோபிக்கவில்லை. கதவில் மாட்டிய துணியை எடுத்துவிடுவது போல அவள் விரல்களை எடுத்துவிட்டுப் போனான். அவள் படி முனையில் நின்று எட்டிப் பார்த்தாள். கீழே விளக்கு எரிந்தது, காய்ந்த சிமெண்டுத் தரை தெரிந்தது. அவன் வளைவில் திரும்பியதும் காலடி ஓசை நின்றுவிட்டது. நடந்து தேய்ந்து அடங்கவில்லை. நின்றுவிட்டது.

பிறகு மேலே வந்தான். முழங்கால் வரை நனைந்திருந்தான், கால்சட்டை மடிப்பில் கறுப்பு மணல் ஒட்டியிருந்தது.

"பார்த்துட்டேன். ஒண்ணும் இல்லை."

"டெரெக், என்னைப் பாரு. கீழே என்ன இருக்கு?"

அவன் மரியாதையாகப் புன்னகைத்தான். முதன்முதலாக ஒரு வீட்டுக்கு விருந்துக்கு வந்தவனின் புன்னகை அது. மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்து, "இந்தப் பாப்பா யாரு?" என்று கேட்டான்.

பிரிட்டாவின் சிரிப்பு நின்றது. "அப்பா, போதும்ப்பா," என்றாள்.

சிக்னி ஓடிப்போய் மடிக்கணினியைத் திறந்தாள். விளையாட்டு வீட்டை அழித்தாள், குறிப்புகளை அழித்தாள், மின்கம்பியைப் பிடுங்கினாள், பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்து திரையை அணைத்தாள். அணைந்த திரையில் அவள் முகம் தெரிந்தது. அவளுக்கா தெரியாது? எத்தனை பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தலைவன் ஒரு தடவை படித்துவிட்டால் அதன் பிறகு குறிப்பை அழிப்பதில் பயன் இல்லை. அனுப்பிய ஆளைத் திரும்பக் கூப்பிட வழி இல்லை. வெளியே இருப்பவர்கள் காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

டொக்.

சமையலறைக்கு ஓடி வந்தபோது டெரெக்கின் நாற்காலி காலியாக இருந்தது. அவள் காத்திருந்தாள். காற்று சுவரை உரசியது, கொதிகலன் ஒரு முறை இருமி ஓய்ந்தது, கடிகாரம் ஓடியது. படியில் யாரும் ஏறி வரவில்லை. 'அவர் திரும்பாவிட்டால்' என்று தான் எழுதிய வரி ஞாபகம் வந்தது. அதன் மீதியும் ஞாபகம் வந்தது.

பிரிட்டாவை வாரி எடுத்துக்கொண்டு வாசல் அறைக்குப் போனாள். கார் சாவி டெரெக்கின் பையில். பரவாயில்லை, பக்கத்து வீடு வரை நடக்கலாம், தவழ்ந்தாவது போகலாம். குழந்தையைப் பலகையில் உட்காரவைத்து ஒரு காலில் மஞ்சள் பூட்ஸை மாட்டினாள். அடுத்ததை எடுத்தாள்.

"அம்மா, அப்பா கீழேயே இருக்காரே."

"நாம வெளியே போய் ஆள் கூட்டிட்டு வரலாம். காலை நீட்டு, கண்ணு."

டொக்.

நீட்டிய கால் பின்வாங்கியது. பிரிட்டா எழுந்து நின்றாள்.

"பார்த்துட்டு வர்றேன்."

அது பிரிட்டாவின் குரல்தான். ஆனால் ஏற்ற இறக்கம் டெரெக்குடையது. சிக்னி இரண்டாவது பூட்ஸைக் கீழே போட்டுவிட்டு மகளை இறுக்கி அணைத்தாள். குழந்தை திமிறவில்லை. அழவில்லை. காற்றில் கால்கள் மட்டும் நடந்தன. ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் காலுறை. நடந்துகொண்டே இருந்தன. சிக்னி அலறினாள், கெஞ்சினாள். யாரிடம் கெஞ்சுவது? தலைவன் யார் என்று அவளுக்குத் தெரியாது. கைகளைக் கோத்துக்கொண்டாள். விடமாட்டேன். விடவே மாட்டேன்.

பிறகு கைகள் காலியாக இருந்தன. கோத்த விரல்கள் கோத்தபடி இருந்தன.

கீழே போய்த் தேட ஓடினாள். படி முனையில் கால் நின்றது. இப்போது போனால் அவளாகப் போவாள். தட்டிய பிறகு போனால்? யோசித்து முடிக்கவில்லை. டெரெக். பிரிட்டா. வாய்விட்டுச் சொன்னாள். டெரெக். பிரிட்டா. மறக்கக் கூடாது. டெரெக். பிரிட்டா. டெரெக்.

டொக்.

"பார்த்துட்டு வர்றேன்," என்றாள்.

இறங்கினாள்.

ஏறி வந்தாள்.

சமையலறை வெளிச்சமாக இருந்தது. ஜன்னலில் பனி பாதி உயரத்துக்கு ஏறி, அதற்கு மேலே பகல் தெரிந்தது. மேசையில் மூன்று தட்டுகள். மூன்றிலும் சாப்பாடு, அதன் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. யாரோ பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள். அவள் கழுத்து வரை நனைந்திருந்தாள். தலைமுடியிலிருந்து கறுப்பு மணல் உதிர்ந்தது.

"பார்த்துட்டேன். ஒண்ணும் இல்லை."

வாசல் அறையில் ஒரு சின்ன மஞ்சள் பூட்ஸ் சாய்ந்து கிடந்தது. ஏதோ குழந்தையுடையது. மற்றொன்று எங்கே என்று பார்த்தாள். இல்லை.

படியிலிருந்து மேசை வரை தரையெங்கும் கால்தடங்கள். காய்ந்தவை, பாதி காய்ந்தவை, ஈரமானவை, ஒன்றின் மேல் ஒன்றாக, எண்ண முடியாத அளவுக்கு. மேலாகத் தெரிந்தவை எல்லாம் ஒரே ஆளுடையவை. காய்ந்த தடம் ஒன்றின் மேல் தன் காலை வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

நாக்கு நுனியில் ஒரு சொல் வந்து நின்றது. அதன் பொருள் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று அழுகை முட்டியது.

"மறுபடி," என்றாள் காலியான அறையிடம். "என்னை மறுபடி அங்கே..."

டொக்.