கடல் பக்கத்துக் கயிறு

பரங்கிப்பேட்டைக்கு வடக்கே பஸ்ஸை விட்டு இறங்கி, மணலிலேயே ஒரு மணி நேரம் நடந்துவிட்டார்கள். குப்பம் இருந்த அடையாளமே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் சுனாமி வழித்துப் போட்டுவிட்டுப் போன வெறும் மணல்மேடு.

"எங்க துபாய் பாலைவனம் கெட்டுது மாமா!" முதுகிலிருந்த கூடார மூட்டையை இறக்கினான் அறிவழகன். லீவில் வந்திருக்கும் மச்சான். "அக்கா வீடு இருந்த எடம் இதானே? ஒரு ராத்திரி இங்க படுத்துட்டுப் போனா போதும் எனக்கு."

மணிவண்ணன் தலையை மட்டும் ஆட்டினான்.

மனைவி மகேஸ்வரியின் உடல் கிடைக்கவே இல்லை. 'கடைசி வரைக்கும் கையை வுடல மச்சான், அலைதான் புடுங்கிடுச்சி' என்று அன்றைக்குப் போனில் அழுதவன் மணிவண்ணன்தான். வலது கை தென்னையைக் கட்டியிருந்தது. இடது கையில் அவள். அலை பிடுங்கவில்லை. அவன்தான் உதறினான். அது அவனுக்கும் கடலுக்கும் மட்டுமே தெரியும்.

"மணல்ல முளைக்குச்சி நிக்காது மாமா. அங்க இப்டித்தான் செய்வோம்."

நாலு சாக்குப் பைகளில் மணலை நிரப்பி, கூடாரக் கயிறுகளை அவற்றில் கட்டி, முழ ஆழத்தில் புதைத்தான் அறிவழகன். "இனிமே யானை இழுத்தாலும் வராது. சுள்ளி பொறுக்கிட்டு வரேன், செத்த படுங்க."

பொழுது சாய்ந்தது. காற்று சட்டென்று நின்றது. கூடாரத்துக்குள் ஈர மணல் வாடை. அதனூடே சீயக்காய் வாசனை.

அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் தலைக்குக் குளித்திருந்தாள்.

கூரை தாழ்ந்தது.

மணிவண்ணன் வெளியே ஓடி வந்தான். கடல் பக்கத்துக் கயிறு மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் இழுப்பு. நிறுத்தம். இன்னோர் இழுப்பு.

இடது கையால் பிடித்தான். அந்த இழுப்பு அவனுக்குப் பழக்கமானது.

கயிறு மணிக்கட்டைச் சுற்றியது. கை முழங்கை வரை மணலுக்குள் போய்விட்டது.

"வுட்டுடு மகேசு! நான்தான் ஒதறுனேன்... பயந்துட்டேன்டி... நான்தான்!"

கயிறு தொய்ந்தது. கை வெளியே வந்தது.

முதுகுக்குப் பின்னால் சுள்ளிக்கட்டு விழும் சத்தம்.

அறிவழகன் கிட்டே வந்தான். குனிந்தான். தொய்ந்து கிடந்த கயிற்றை எடுத்து மாமனின் இடது கையில் திணித்தான்.

"புடிங்க மாமா. இந்தத் தடவையாவது வுடாதீங்க."

திரும்பிப் பாராமல் மணலில் நடந்து போய்விட்டான்.

மறுபடி இழுப்பு.

மணிவண்ணன் விரல்களை விரித்தான்.

கூடாரத்தைச் சாய்த்துக்கொண்டு கயிறு சரசரவென மணலுக்குள் ஓடி மறைந்தது. அவன் ரோட்டைப் பார்த்து ஓடினான்.

மறுநாள் காலை, சிதம்பரம் பஸ். சுள்ளென்று வெயில், கூட்டம், டேப்பில் பாட்டு. மணிவண்ணன் கடல் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். இடது கை தோள் வரை வெளியே நீண்டிருந்தது.

"யோவ், புளியமரம் ஒரசும்! கையை உள்ள இழுய்யா!" கண்டக்டர் கத்தினார்.

மணிவண்ணன் இழுத்துக்கொண்டுதான் இருந்தான்.